கண்ணாடிப் பெட்டிக்குச் சந்தனம்

திருச்செந்தூருக்குத்தான் போறேன் அண்ணாச்சி. விசேஷம் ஒண்ணும் இல்ல, வேண்டுதலும் இல்ல. பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டுல நின்னேன், முதல்ல வந்த வண்டி இது, ஏறிட்டேன். தென்காசி வண்டி வந்திருந்தா தென்காசிக்குப் போயிருப்பேன். இன்னைக்கு மத்தியானம் வரைக்கும் காலேஜ் பக்கம் தலை காட்டக் கூடாது, அம்புட்டுதான். நீங்க குரும்பூரா? நல்லது, உக்காருங்க. பேச்சுத்துணைக்கு ஆச்சு.

ஏன் தலை காட்டக் கூடாதுன்னா, இன்னைக்கு அங்கன ஒரு வைவா. என்கிட்ட பிஎச்.டி. பண்ணுன பிள்ளைக்கு. வைவான்னா உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. ஆறேழு வருஷம் ஆராய்ச்சி பண்ணி, அதையெல்லாம் புஸ்தகமா எழுதிக் குடுத்து, கடைசியா ஒருநாள் வெளியூர்ல இருந்து பெரிய வாத்தியார் ஒருத்தர் வந்து, எல்லாரும் பாக்க உக்காந்து கேள்வி கேப்பாரு. பதில் சொல்லிட்டா அன்னைக்கே டாக்டர். கல்யாணம் மாதிரின்னு வச்சுக்கிடுங்க. பொண்ணும் மாப்பிள்ளையும் வந்தாப் போதுமா, தாலி எடுத்துக் குடுக்க ஆள் வேணும்லா? அந்த ஆள் நான். கைடு. நான் போயி உக்காந்து நடத்துனாத்தான் வைவா. நான் இங்கன உங்க பக்கத்துல உக்காந்திருக்கேன். இப்ப எப்பிடி நடக்கும், சொல்லுங்க.

நடக்காது. அந்தப் பிள்ளைக்கு அடுத்த மாசம் கொரியாவுல வேலை. பட்டம் கையில இருந்தாத்தான் சேத்துக்கிடுவாகளாம். ஏற்கெனவே ஜெர்மனியில ஒண்ணு கிடைச்சு, கை நழுவிப் போச்சு. இதுவும் போனா அதோட சரி, ஏதாவது பள்ளிக்கூடத்துல போயி பிள்ளைகளுக்கு லென்ஸ் பாடம் எடுக்க வேண்டியதுதான். எனக்குத் தெரியாம இல்ல. எல்லாம் தெரிஞ்சுதான் பஸ் ஏறியிருக்கேன். கல்நெஞ்சுக்காரன்னு முடிவு கட்டிராதிய. முழுசாக் கேளுங்க, பொறவு சொல்லுங்க.

எம்பேரு தாணுமூர்த்தி. பௌதிகம். முப்பது வருஷ சர்வீஸ். அவ பேரு ஆவுடைச்செல்வி, அம்பாசமுத்திரம் பக்கம், அப்பாவுக்கு சைக்கிள் கடை. என்கிட்ட வந்து சேந்தப்ப வாயத் தொறந்து ரெண்டு வார்த்த சேந்தாப்புல பேசத் தெரியாது. இங்கிலீஷ் பேசச் சொன்னா கண்ணுல தண்ணி வந்துரும். அந்தப் பிள்ளையத்தான் நான் ஆளாக்குனேன். வளத்த கடா மார்புல பாயும்னு சொல்லுவாக. பாய்ஞ்சுது. பாருங்க, இங்கன. நெஞ்சுல.

நாங்க அங்கன என்ன செய்யுதோம்னா, கம்பி வளக்கோம். சிரிக்காதிய. மின்கம்பி இல்ல. உங்க தலைமுடி ஒண்ண எடுத்து நீளவாக்குல ஆயிரமாக் கீறுனா ஒரு கீத்து எம்புட்டு இருக்கும், அம்புட்டு ஒல்லி. நானோ கம்பி. பெராவ்ஸ்கைட்னு ஒரு வகைப் படிகம். ஈயமும் புரோமினும் சேந்த உப்பையும் இன்னொரு உப்பையும் கரைச்சு, கண்ணுக்குத் தெரியாத துளை போட்ட தகட்டுல ஊத்தி, மெல்ல மெல்லச் சூடு காட்டுனா, ஒவ்வொரு துளைக்குள்ளயும் ஒரு கம்பி வளரும். மேல ஊதா லைட்ட அடிச்சா தகடு மொத்தமும் பச்சையா ஜொலிக்கும். அது மேல வெளிச்சம் பட்டா கரண்டு ஓடும். காமிராவுக்குக் கண்ணு, ஆஸ்பத்திரி எக்ஸ்ரேக்குக் கண்ணு, எல்லாத்துக்கும் இது ஆகும்னு வெளிநாட்டுக்காரன்லாம் இதப் பிடிச்சுக்கிட்டுத் திரியுதான். திருநெவேலியில இதப் பண்ணுனது நாங்கதான். யோசனை என்னோடது. கைவேலை அவளோடது. கைவேலை யாரும் செய்யலாம், யோசனை வேணும்லா?

இதுல ஒரே ஒரு சனியன் என்னன்னா, ஈரம். காத்துல இருக்க ஈரம் பட்டாப் போதும். பொரிய டப்பாவத் தொறந்து வச்சா நமத்துப் போகும்லா, அந்த மாதிரி இதுவும் போயிரும். வளந்துக்கிட்டு இருக்கும்போது பட்டா மொத்தமும் போச்சு. அதுக்காகவே ஒரு பெட்டி. கண்ணாடிப் பெட்டின்னுதான் சொல்லுவோம், நெசத்துல அக்ரிலிக் ஷீட்டு. வெளிநாட்டுப் பெட்டி வாங்குனா வீடு கட்டுற செலவு, காலேஜ் குடுக்குமா? இவ வண்ணார்பேட்டையில போர்டு எழுதுற கடைக்காரன்கிட்டப் போயி ஷீட்ட வெட்டி வாங்கி, இவளே ஒட்டி, முன்னால ரெண்டு ஓட்டை போட்டு ரப்பர் கையுறை மாட்டி வச்சா. கையுறைக்குள்ள கைய விட்டு, பெட்டியத் தொறக்காமலே உள்ள வேலை பாக்கணும். ஒரு பக்கம் சிலிண்டர்ல இருந்து நைட்ரஜன் போய்க்கிட்டே இருக்கும். மூணு வாரம் வளரும். மூணு வாரமும் சூடு மாறக் கூடாது, காத்து நுழையக் கூடாது. அவ அத அடைகாத்தா. நான் இல்லேங்கல. தூத்துக்குடியில அவ அக்கா மகளுக்குக் காது குத்து, போகல. அது அவ கடமை, அதுக்கு என்ன இப்ப?

முந்தின முந்தின வருஷம் புரட்டாசி. கம்பி வளந்து முடியப் போகுது. ஒரு தடவ ஊதா லைட்ட அடிச்சுக் காட்டுனா, யப்பா, அந்தப் பச்சைய நீங்க பாக்கணும். எனக்கே புல்லரிச்சுப் போச்சு. இன்னும் நாலஞ்சு நாள்ல எடுத்து, பெங்களூருக்குக் கொண்டு போயி அளந்து பாக்கணும். அங்கன மிஷினுக்கு நாள் குறிச்சு வாங்கியாச்சு. அந்த அளவு வந்தா ஆராய்ச்சிப் பத்திரிகையில பேப்பர், பேப்பர் வந்தா ஜெர்மனி. எல்லாம் சரியாப் போய்க்கிட்டு இருந்துது. அப்பதான் ஆயுத பூஜை வந்துது.

நீங்க என்ன தொழிலு? லேத்தா? அப்பம் உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். ஆயுத பூஜை அன்னைக்கு லேத்த ஓட்டுவேளா? ஓட்ட மாட்டிய. துடைச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, மால போட்டு, மிஷினுக்கு ஓய்வு குடுப்பிய. அதுதான முறை? எங்க லேப்லயும் அதுதான் முறை. நான் வந்த நாள்ல இருந்து அப்பிடித்தான். மெயின் சுவிட்ச அணைச்சு, எல்லா மிஷினுக்கும் பொட்டு வச்சு, செயலாளர் வந்து தீபாராதனை காட்டுவாரு. செயலாளர்னா எங்க காலேஜ் முதலாளி மாதிரி. அவரு கையாலதான் எல்லாம். அந்த வருஷம் பிரின்சிபால் சீட்டு காலியாகப் போற நேரம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, சும்மா சொல்லுதேன்.

செயலாளர் வந்தாரு, வெள்ளை வேட்டி, தோள்ல துண்டு, பின்னால பத்துப் பேரு. நான் ஒவ்வொண்ணாக் காட்டிக்கிட்டு வாரேன். இது இந்த மிஷின், இது அந்த மிஷின். கடைசியா இந்தப் பெட்டிகிட்ட வந்து நின்னாரு. "இதுக்குள்ளதான் அந்தப் பச்சைக் கம்பியா, தாணு?"ன்னு கேட்டாரு. ஆமாங்கய்யான்னேன். "அதுக்கு வேண்டாமாய்யா சந்தனம்?"னு கேட்டாரு. நீங்களே சொல்லுங்க, அந்த மனுசன் அம்புட்டு ஆசையாக் கேக்கும்போது, பெட்டிக்கு வெளிய ஒரு பொட்டு வச்சுட்டுப் போங்கன்னு சொல்ல முடியுமா? கருவறை வாசல்ல நிறுத்தித் தேங்காய் உடைச்சு அனுப்புற மாதிரில்லா இருக்கும்? நான் கொக்கியக் கழத்தி மூடியத் தூக்குனேன். செயலாளர் உள்ள கைய விட்டு, தகடு வச்சிருந்த தாங்கியில சந்தனத்த வச்சாரு, குங்குமம் வச்சாரு, கற்பூரத்தக் காட்டுனாரு. போட்டோ எடுத்தாக. நல்ல போட்டோ. பேப்பர்லயும் வந்துது.

எம்புட்டு நேரம் தொறந்திருந்துதா? அது யாரு பாத்தா. போட்டோக்காரன் இன்னொண்ணு, இன்னொண்ணுன்னு எடுத்தான். செயலாளர் கதை சொன்னாரு, அவுக அப்பா காலத்துல மில்லுல பூஜை நடந்த கதை. பொரி கடலை குடுத்தோம். வெளிய மழை பெய்ஞ்சுக்கிட்டு இருந்துது.

நாலு நாள் கழிச்சு லைட்ட அடிச்சுப் பாத்தா, பச்சை இல்ல. தகடு பூரா வெளிறிப் போயி, அங்கங்க வெள்ளை வெள்ளையா. மூணு வாரப் பாடு அம்புட்டும் போச்சு. பெங்களூர் போச்சு. ஜெர்மனிக்காரன் ஒரு மாசம் பொறுத்தான், பொறவு வேற ஆளப் போட்டுட்டான்.

இப்ப நீங்க கேப்பிய, எல்லாரும் கேட்ட கேள்விதான், "மூடியத் தொறக்கக் கூடாதுன்னு அந்தப் பிள்ளை சொல்லலியா"ன்னு. சொல்லல அண்ணாச்சி. ஒரு வார்த்த சொல்லல. சொல்லியிருந்தா நான் தொறப்பேனா? முப்பது வருஷம் பௌதிகம் நடத்துன எனக்குக் கோட்டியா பிடிச்சிருக்கு? துறைக் கூட்டத்துல அதத்தான் சொன்னேன். மூடியில ரப்பர் பட்டை சரியா ஒட்டல, காத்து கசிஞ்சிருக்கு, கவனக் குறைவுன்னு சொன்னேன். செயலாளர் பேர அதுல இழுக்க முடியுமா? அவரு சந்தனம் வச்சதாலதான் கெட்டுதுன்னு எழுத முடியுமா? எவனாவது எழுதுவானா? இவ அந்தக் கூட்டத்துல வாயத் தொறக்காம உக்காந்திருந்தா. மறுத்துப் பேசல. தப்பு இல்லாதவ ஏன் பேசாம இருக்கணும், நீங்களே சொல்லுங்க.

அது செய்துங்கநல்லூரா, இல்ல தாண்டியாச்சா? சரி சரி.

பொறவு ரெண்டாந்தடவ வளத்தா. நான் வேண்டாம்னு சொல்லல. அடுத்த கோடையில, பங்குனி சித்திரை வெயில்ல, காத்துல ஈரமே இல்லாத நேரமாப் பாத்து ஆரம்பிச்சா. நல்லாத்தான் வந்துது. பெங்களூர் போயி அளந்துட்டும் வந்தா. வெளிச்சம் பட்ட உடனே கரண்டு ஏறுது, நிறுத்துன உடனே இறங்குது, அம்புட்டு சுத்தம். நாங்க எதிர்பாத்ததுக்கு மேல. பேப்பர் வந்துது, என் பேரும் போட்டிருந்தா, கடைசிப் பேரா. கைடு பேரு கடைசியாத்தான் வரும், அதுதான் வழக்கம், அதுல குறை சொல்ல முடியாது.

ஆனா அந்தக் கோடையில அவ என்ன செஞ்சா தெரியுமா? பெட்டி முன்னால ஒரு அட்டையத் தொங்க விட்டா. "தயவுசெய்து திறக்காதீர்கள்". கொட்டை எழுத்துல. அந்த லேப்புக்குள்ள யாரு வாரா? நானும் அவளும்தான் வாரோம். அவ எழுதுனத அவளே படிக்கதுக்கா தொங்க விட்டா? என் லேப்புல, என் பேரு போட்ட கதவுக்குள்ள, எனக்கு போர்டு. நானும் எம்புட்டோ பொறுத்தேன். ஒருநாள் கேட்டேன், "ஏட்டி, இது யாருக்கு?"ன்னு. "பொதுவா வச்சிருக்கேன் சார்"ங்கா. பொதுவாவாம்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அவளே சந்தனக் கிண்ணத்த எடுத்துக்கிட்டு முன்னால வந்துட்டா. எல்லா மிஷினுக்கும் அவளே பொட்டு வச்சா. பெட்டிக்கு வந்ததும், மேஜைக் காலுல ஒரு பொட்டு வச்சுட்டு, மெயின் சுவிட்சு பக்கத்துல போயி நின்னுக்கிட்டா. உள்ள அடுத்த தொகுதி வளருது, யாரும் அணைச்சிரக் கூடாதாம். செயலாளர் என்னப் பாத்தாரு. என்னால அவரு முகத்தப் பாக்க முடியல. பிரின்சிபால் சீட்டு ஏற்கெனவே கெமிஸ்ட்ரிக்காரனுக்குப் போயிருந்துது, அது வேற விஷயம்.

என்ன கேக்கிய? அன்னைக்கு நிஜமாவே ஒண்ணும் சொல்லலியான்னா? அதான் சொன்னேனே. மூடியத் தூக்கும்போது பக்கத்துல நின்னு என்னமோ முணுமுணுன்னு சொன்ன மாதிரி இருந்துது. பூஜை நேரம், ஒருத்தன் மணியடிக்கான், ஒருத்தன் கற்பூரம் கொளுத்துதான், போட்டோக்காரன் "சார் இங்க பாருங்க, இங்க பாருங்க"ங்கான். அந்தச் சத்தத்துல எலி முணுமுணுத்தா யாருக்குக் கேக்கும்? சொல்லுதவ தெளிவாச் சொல்லணும்லா? நாலு பேருக்கு முன்னால கைடுகிட்டப் பேசத் தெரியாதவ நாளைக்குக் கொரியாக்காரன்கிட்ட என்ன பேசிக் கிழிக்கப் போறா?

இதெல்லாம் கூட நான் மனசுல வைக்கல. நான் அப்பிடிப்பட்ட ஆள் இல்ல. புஸ்தகம் எழுதுனா பாருங்க, அங்கதான் வந்துது வினை. நாலாம் அத்தியாயத்துல ஒரு வரி, நான் கையெழுத்துப் போட்டு அனுப்புன பொறவுதான் கண்ணுல பட்டுது. "முதல் தொகுதிக் கம்பிகள், வளர்ச்சியின்போது பெட்டி திறக்கப்பட்டதால் ஈரக்காற்று பட்டுச் சிதைந்தன." இங்கிலீஷ்லதான் எழுதியிருந்தா, அர்த்தம் இதுதான். எனக்குத் தலையில நெருப்ப அள்ளிக் கொட்டுன மாதிரி ஆயிருச்சு. திறக்கப்பட்டதாலயாம். யாரு திறந்தான்னு நாளைக்கு எவனாவது கேக்க மாட்டானா? நான் கூட்டத்துல ரப்பர் பட்டைன்னு சொல்லியிருக்கேன், மினிட்ஸ்ல ஏறியிருக்கு. இவ திறந்தோம்னு எழுதுனா நான் யாரு, பொய்யனா?

கூப்பிட்டுச் சொன்னேன். தன்மையாத்தான் சொன்னேன். "இந்த வரிய எடுத்துரு. முதல் தொகுதியப் பத்தி எதுக்கு எழுதணும், ரெண்டாவதுதான் நல்லா வந்துதுல்லா, அத மட்டும் எழுது"ன்னேன். அவ தரையப் பாத்துக்கிட்டு நின்னா. பொறவு சொல்லுதா, "சார், ஈரம் பட்டா எப்பிடிக் கெடும்ங்கதுக்கு அந்தத் தொகுதிதான் என்கிட்ட இருக்க ஒரே சான்று. அத எடுத்தா மூடி வச்சு வளக்கணும்னு நான் சொல்லுததுக்கு ஆதாரமே இல்ல. உங்க பேரு எங்கயும் போடல சார்"ங்கா. என் பேரப் போடலியாம். பெரிய உபகாரம். வாயில்லாப் பூச்சின்னு நெனச்சேன், எனக்கே பாடம் எடுக்கா. "வரி இருந்தா நான் வைவாவுக்கு வர மாட்டேன்"னேன். அழுதா. அழுதுக்கிட்டே "எடுக்க முடியாது சார்"னு சொன்னா. அழுகையும் குறையல, பிடிவாதமும் குறையல. இந்தப் பிள்ளைகள என்ன செய்ய, சொல்லுங்க.

போன வாரம் அவளும் அவ அப்பாவும் வீட்டுக்கு வந்தாக. தட்டுல பழம், வெத்தில, பாக்கு, எனக்கு ஒரு வேட்டி, வீட்டுக்காரிக்கு ஒரு சேலை. அந்த மனுசன் நாற்காலி நுனியில உக்காந்துக்கிட்டு, "சார் வந்து முன்னால நின்னாப் போதும் சார், பிள்ளை பதில் சொல்லிரும்"னாரு. கையில கிரீஸ் கறை, எம்புட்டுத் தேய்ச்சும் போகல போல. பாக்கப் பாவமாத்தான் இருந்துது. நான் பாக்கலாம்னு சொல்லி அனுப்புனேன். வீட்டுக்காரி என்னப் பிடிச்சுச் சண்டை. "உங்க மகளா இருந்தாச் செய்வேளா"ங்கா. எம்மகளா இருந்தா எனக்கு எதிரா எழுதுவாளா? அதச் சொன்னதும் அடுப்படிக்குப் போயிட்டா.

அதான் இன்னைக்குக் காலையில குளிச்சு, சாப்பிட்டு, காலேஜுக்குப் போற மாதிரியே கிளம்பி, பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டேன். இந்நேரம் வெளித் தேர்வாளர் வந்திருப்பாரு. கேரளத்துல இருந்து வாராரு, பெரிய ஆளு. சும்மா விட மாட்டாரு, ஒவ்வொரு வரியாப் பிடிச்சுக் கேப்பாரு. கைடு வரலன்னு தெரிஞ்சா ஒரு மணி நேரம் காத்திருப்பாரு, காப்பி குடிப்பாரு, பொறவு எந்திரிச்சுப் போயிருவாரு. தேதி வாங்க இன்னும் மூணு மாசம் ஆகும். அதுக்குள்ள அந்த வரிய எடுத்துட்டு வரட்டும். நான் என்ன அவ சோத்துல மண்ணையா அள்ளிப் போடுதேன்? ஒரு வரி. ஒரே ஒரு வரிய எடுக்கச் சொல்லுதேன்.

ஆழ்வார்திருநகரி வந்துட்டு. ஒரு நிமிஷம் இருங்க, போன் வருது. ஜோயல். எங்க துறையில புது வாத்தியார், எனக்கு வேண்டியவன். அங்கன நடக்கத இவன் சொல்லுவான், பாருங்க.

சொல்லுடே. ம். கலைஞ்சாச்சா? என்னது? சத்தமாச் சொல்லு, பஸ்ஸுல இருக்கேன். நடக்குதா? நான் இல்லாம எப்பிடிடே நடக்கும்? ஞானம் மேடமா? யாரு குடுத்தா அனுமதி? நேத்தைக்கேவா?

கேட்டியளா அண்ணாச்சி. எங்க துறைத் தலைவர் ஞானம் மேடம், நேத்தைக்கே யுனிவர்சிட்டிக்குப் போன் பண்ணி, கைடு வரலன்னா நான் நடத்திக்கிடுதேன்னு அனுமதி வாங்கி வச்சிருக்காக. என்கிட்ட ஒரு வார்த்த இல்ல. முப்பது வருஷம் சேந்து வேலை பாத்த பொம்பளை. ஊரே ஒண்ணாச் சேந்து எனக்குக் குழி பறிச்சிருக்கு, நான் இங்கன உங்ககூட திருச்செந்தூருக்குப் போய்க்கிட்டு இருக்கேன்.

சரி சொல்லுடே, எம்புட்டு ஆச்சு. எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டாளா? இங்கிலீஷ்லயா? ம். நாலாம் அத்தியாயம் வந்தாரா? வருவாரு, எனக்குத் தெரியும். என்ன கேட்டாரு? பெட்டிய யாரு தொறந்தான்னு கேட்டாரா? நான் சொல்லல? நான் சொன்னேன்லா அண்ணாச்சி, கேப்பான்னு. எம்பேரச் சொல்லிட்டாளா? சொல்லியிருப்பா. சபையில வச்சு மானத்த வாங்கியிருப்பா.

என்னது?

இன்னொரு தடவ சொல்லு.

அண்ணாச்சி, இவன் என்ன சொல்லுதான்னா, அவ சொன்னாளாம், "நாங்க எல்லாரும் சேந்துதான் சார் தொறந்தோம். ஈரம் அம்புட்டு வெரசா உள்ள போகும்னு அப்ப எனக்குத் தெரியல. என் அறியாமைதான்"னு. அவரு தலைய ஆட்டிட்டு, "வழிநடத்த ஆள் இல்லாட்டியும் நீயாவது படிச்சுத் தெரிஞ்சிருக்கணும், இது பாலபாடம்"னு சொல்லி ஒரு குறிப்பு எழுதிக்கிட்டாராம்.

தெரியாதா? அவளுக்கா? எப்பிடி வாய் வந்துது அவளுக்கு? அவ சேந்த ரெண்டாம் மாசம் எனக்கே ஈரத்தப் பத்தி எடுத்துச் சொன்னவ அவ. எந்த ஈரத்துல எம்புட்டு நேரம் தாங்கும்னு சின்னச் சின்னத் தகடா வச்சுப் பாத்து, சுவத்துல அட்டவணை ஒட்டி வச்சிருந்தா. அன்னைக்கு நான் கொக்கியில கை வச்ச உடனே ஓடி வந்தா. மணிச் சத்தத்துக்கு மேல கத்துனா, "சார் வேண்டாம், தொறந்தா அஞ்சு நிமிஷம் தாங்காது சார்"னு. செயலாளர் திரும்பிப் பாத்தாரு. குறுக்க வந்து மூடி மேல ரெண்டு கையையும் வச்சு அமுக்குனா. நான்தான் கையத் தட்டி விட்டேன். "போயி பொரிய எடுத்து வை"ன்னேன். போனா. போயி எல்லாருக்கும் பொரி குடுத்தா, அழுதுக்கிட்டே குடுத்தா, எனக்கும் குடுத்தா. தெரியாதாம்லா. பாலபாடம்னு சொல்லுதானாம் அவன். என்கிட்டப் படிச்ச பிள்ளைகள்ல இதத் தெரிஞ்ச ஒரே ஆள் அவதான், அவளப் போயி எவனோ ஒருத்தன் அறியாமைன்னு எழுதிக்கிட்டுப் போவானா? அதக் கேட்டுக்கிட்டு ஞானம் மேடமும் உக்காந்திருக்கு, இந்த ஜோயலும் உக்காந்திருக்கான். நாக்கு இல்லியா ஒருத்தனுக்கும்?

என்ன அப்பிடிப் பாக்கிய?

ஏல ஜோயல், லைன்ல இருக்கியா? உள்ள போ. ரூமுக்குள்ள போடே. அவரு இன்னும் உக்காந்திருக்காருல்லா? அவருகிட்ட போனக் குடு. ஏன்னு கேக்காத, குடு. ஞானம் மேடம் என்ன சொன்னாலும் சரி, ஸ்பீக்கர்லயே போடு, எல்லாரும் கேக்கட்டும்.

ஐயா, வணக்கம். நான் தாணுமூர்த்தி பேசுதேன், அந்தப் பிள்ளையோட கைடு. வர முடியல, அது கெடக்கட்டும். நீங்க எழுதுன குறிப்ப அடிச்சிருங்க. அந்தப் பிள்ளை பொய் சொல்லுதுங்கய்யா. அதுக்குத் தெரியும். எம்புட்டு நேரம் தாங்கும்னு அதுக்கு அன்னைக்கே தெரியும், என் மூஞ்சிக்கு நேரே சொல்லிச்சு. மூடியத் தூக்குனது நான். எழுதிக்கிடுங்க.